என் பல்வலிக்கு உன் அக்கா போட்ட மார்க்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதுவது. இங்கே நானும், உன் அக்காவும், என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லும் சௌக்கியம். அங்கே நீங்கள் எல்லோரும், அவரவர் பற்களும், அப்படியே இருக்க வேண்டும்.

போன மாதம் அந்தப் பல் என்னைப் படுத்திய பாட்டை ஃபோனில் சொன்னேன் அல்லவா, நீகூடச் சிரித்தாய், போகட்டும். தெருமுனை டாக்டர் பிடுங்கிவிடலாம் என்றார். எனக்கு மனசே வரவில்லை, அந்தப் பக்கம் மெல்ல மிச்சமிருப்பதே அது ஒன்றுதான். அப்போதுதான் பல் மருத்துவக் கல்லூரியில் ஏதோ ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினோம். பல்லுக்குள் உயிருள்ள சதை இருக்கிறதாம், அது வீங்கினால் முழுவதையும் வழித்தெடுப்பது வழக்கமாம். இவர்களோ பாதிப் பேருக்கு அப்படிச் செய்துவிட்டு, மீதிப் பேருக்கு வீங்கிய மேல்பகுதியை மட்டும் எடுத்து, மருந்து பூசி, மிச்சத்தை உயிரோடு விட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு எது என்பது ஒட்டிய கவருக்குள்.

அதற்கு முன்னால் ஒரு தாளைக் கொடுத்து வலிக்கு மார்க் போடச் சொன்னார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. முப்பத்திரண்டு வருஷம் கடைகடையாக ஏறித் தராசும் எடைக்கல்லும் சோதித்தவன் நான், சும்மா போடுவேனா? எட்டு என்று எழுதிவிட்டு, "பத்துக்கு எடைக்கல் எதும்மா?" என்று கேட்டேன். நர்ஸ் விழித்தாள். உன் அக்கா விழிக்கவில்லை. "பிரசவ வலிதான் பத்து. ரெண்டு பெத்தவ சொல்றேன், உங்களுக்கு ரெண்டு போதும்" என்று என் எட்டை அடித்து இரண்டாக்கிவிட்டாள். அளவு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குக் கட்டுப்படுவதுதானே முறை, நானும் தாளை அப்படியே நீட்டிவிட்டேன்.

ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "ரெண்டா? நாலுக்குக் கீழ இருந்தா இந்த ஆராய்ச்சியில சேர்க்க முடியாதே, சார்." பல் போச்சு என்றே முடிவுகட்டினேன். எதற்கும் பார்ப்போம் என்று ஐஸாய்க் குளிர்ந்த பஞ்சை அவர் பல்லில் வைத்தாரோ இல்லையோ, ஐயோ, உன் அக்காவின் கையை நெரித்துவிட்டேன். பஞ்சை எடுத்த பிறகும் வலி நிற்கவில்லை. என் கண்ணில் தண்ணீர், பார்த்தால் அவள் கண்ணிலும் தண்ணீர். "இவ்வளவையும் தாங்கிக்கிட்டா இருந்தீங்க? ஒன்பது போடுங்க டாக்டர்!" என்று கத்தினாள். "வலி அவருக்குத்தாம்மா, அவரே போடட்டும்" என்றார் டாக்டரம்மா. நான் பழைய எட்டையே போட்டு, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

கவரைப் பிரித்தார்கள். உயிரோடு விடும் கோஷ்டி! இன்றோடு மூன்று வாரம். நேற்று அந்தப் பக்கமாகவே ஒரு கேரட்டைக் கடித்து மென்றேன், அடுத்த அறைக்குச் சத்தம் கேட்டதாம். எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. பிரசவம்தான் பத்து என்பதை மட்டும் உன் அக்கா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கும் அதில் ஆட்சேபணை இல்லை.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் இரண்டு பக்கமும் மென்று நீண்ட காலம் வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனபோது உன் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வலது பக்கம், மேலே. எத்தனை மார்க் என்றேன். பத்து என்றாள். "அப்ப பிரசவம்?" என்று கேட்டுத் தொலைத்தேன். "அது எப்பவோ வலிச்சது. இது இப்ப வலிக்குது. பேனாவை வெச்சுட்டுக் கிளம்புங்க" என்கிறாள்.