நான்கு மாத வித்வான்

சங்கீதம் தெரிந்தவர்களால் உலகத்துக்கு ஆபத்து இல்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். தெரியாதவர்களாலும் இல்லை, தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஓர் இனம் உண்டு: கற்றுக்கொள்ளத் தொடங்கி நான்கு மாதம் ஆனவர். எதிரே வந்தால் ஒதுங்கிப் போங்கள். ஒதுங்க இடமில்லையென்றால் வாயையாவது மூடிக்கொள்ளுங்கள். திறந்தால் சுருதி பார்ப்பார்.

எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டுப் பல் டாக்டர் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் பாட்டு கற்றுக்கொள்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. டீச்சரைப் பிடித்தார், புது நோட்டு வாங்கினார், நோட்டுக்கு அட்டை போட்டார், செல்போனில் சுருதிப்பெட்டியை இறக்கிக்கொண்டார், தொண்டைக்கு ஆகாதென்று ஐஸ்கிரீமை விட்டார், ஃபேனுக்குக் கீழே உட்காருவதை விட்டார், வெயில் காலத்திலும் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டார். இத்தனையும் முதல் வகுப்புக்கு முன்பே. பாட்டு? அது பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ச ரி க ம என்று ஏறி இறங்கிப் பழகும் சரளி வரிசையில், நான்கு மாதத்தில் நான்காவது வரைக்கும் வந்துவிட்டது.

ஆரம்பப் பாடமெல்லாம் மாயாமாளவகௌளை என்ற ஒரே ராகத்தில்தான். ஆகவே டாக்டருக்கு உலகத்தில் இரண்டே ராகங்கள்: மாயாமாளவகௌளை, மாயாமாளவகௌளை அல்லாதது. ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, கொஞ்ச நேரம் நம்மைத் தவிக்கவிட்டு, "இது மாயாமாளவகௌளை இல்ல" என்பார். சரியாகத்தான் இருக்கும். யார் மறுப்பது?

கடைவாய்ப் பல் வலியோடு ஒருநாள் அவரிடம் போய் மாட்டிக்கொண்டேன். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நம் டாக்டர் வைத்தியத்தில் முழு ஆள், சங்கீதத்தில்தான் அரை. நாற்காலியைச் சாய்த்து, "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

"சுருதி சேரலையே. இன்னொரு தரம் சொல்லுங்க."

பிறகு பல்லைக் குடையும் மெஷினை ஓடவிட்டு, "கேக்குதா? இது பஞ்சமம். கொஞ்சம் அழுத்தினா மத்திமத்துக்கு எறங்கிடும்" என்று அழுத்தியும் காட்டினார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு நான் என்னத்தைச் சொல்ல?

அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவர் வீட்டில் நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டாக்டரின் மனைவி தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். பாட்டு என்று முறையாக எதுவும் கற்றதில்லை. சமையலறையில் நின்றால் தன்னையறியாமல் பாட ஆரம்பித்துவிடுவார். கேட்ட பாட்டில் பாதி வரி, மீதி வரி சொந்தச் சரக்கு. மாலை ஏழு மணிக்கு அந்தக் குரல் எங்கள் ஜன்னலுக்கு இறங்கி வரும். என் மனைவி டி.வி. சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அவர்களுடைய மகளும் குளியலறையில் தினம் ஒரு கச்சேரி நடத்துகிறவள்தான்.

டாக்டர் முதல் மாதம் சும்மா கேட்டார். இரண்டாம் மாதம் தொடையில் தாளம் போட்டார். மூன்றாம் மாதம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நல்லாத்தான் பாடறே. அந்த எடத்துல ரிஷபம் மட்டும் கொஞ்சம் தூக்கலா விழுது."

மறுநாள் தாளம் ஓடுகிறது என்றார். அதற்கு மறுநாள் குளியலறைக் கதவைத் தட்டி, "கண்ணு, மூச்ச வயித்துலேர்ந்து எடு" என்றார். அன்றிலிருந்து மகள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக் குளிக்கிறாள். சமையலறையில் குக்கர் மட்டும்தான் விசிலடித்தது. அதற்கும் அவர் ஏதோ திருத்தம் சொன்னதாகக் கேள்வி.

நான்காம் மாதம் டீச்சர் அவரிடம், "காது இன்னும் தேறணும் டாக்டர். வீட்டுல யாராவது பாடுவாங்களா? பாடவிட்டுச் சும்மா கேளுங்க, அது போதும்" என்று சொல்லியிருக்கிறார். டாக்டர் அன்றே மனைவியிடம் போய், "முன்னெல்லாம் ஏதோ பாடுவியே, அதப் பாடேன்" என்றார்.

"நான் எங்கங்க பாடினேன்? குக்கர் எத்தன விசில் வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

இதை என்னிடம் வந்து சொன்னபோது மனிதருக்கு முகம் வாடியிருந்தது. "அவ பாடறதக் கேட்டுத்தாங்க எனக்குக் கத்துக்கணும்னே ஆசை வந்துச்சு" என்றார். நான்கு மாதத்தில் முதல்முறையாக அவர்மேல் இரக்கம் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் நடக்கப் புறப்பட்டோம். தெருமுனையில் அவருக்கு மூக்குக்கண்ணாடி ஞாபகம் வந்து, திரும்பி மாடி ஏறினோம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே காய் நறுக்கும் சத்தம்; கூடவே அந்தக் குரல். மூன்று படிக்கு முன்பே நின்றுவிட்டோம். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"இதாங்க. இதேதான்" என்று கிசுகிசுத்தார்.

மனிதர் தேறிவிட்டார் என்றே நம்பினேன். அப்போதுதான் அவருடைய உள்ளங்கை தொடையில் விழுந்தது. பிறகு சுண்டுவிரல். பிறகு மோதிரவிரல். "வேணாம் டாக்டர்" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். நடுவிரல் விழுவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"அருமை, அருமை. மேல போறப்ப மட்டும் ஒரு இழை எறங்குது, பாத்துக்க."

அதன்பின் காய் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் தனியாகவே நடக்கப் போய்விட்டேன்.

'நான் சங்கீதமே கற்றுக்கொள்ளவில்லையே' என்பீர்கள். சரி. சமையலோ, இலக்கணமோ, தேகப்பயிற்சியோ, ஏதாவது ஒன்றில் உங்களுக்கும் நான்கு மாதம் ஆகியிருக்கும். ஒன்று செய்யுங்கள். நாளை வீடு திரும்பும்போது செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். உள்ளே யாராவது பாடிக்கொண்டிருந்தால் கேளுங்கள். கொஞ்ச நேரம் கேட்டபின், நீங்கள் வந்திருப்பது தெரியும்படி ஒருமுறை செருமுங்கள். அதற்குப் பிறகும் பாட்டு தொடர்ந்தால், நீங்கள் அந்த இனமில்லை.