கடற்காகத்தின் வாக்கெடுப்பு

வாசகர்கள் எதை விரும்புகிறார்கள் என்று கேட்டுவிடுவதாகக் கதிர்காமத்தம்பி முடிவெடுத்தார். அவர்கள் என்ன பதில் சொல்லவேண்டும் என்பதையும் அவரே முடிவெடுத்திருந்தார்.

‘கடற்காகம்’ அவருடைய சொந்தப் பத்திரிகை. பகலில் துறைமுகக் கந்தோரில் கிளாக்கர், மற்ற நேரம் ஆசிரியர். கார்பன் தாள் வைத்து அழுத்தியெழுதி மாதம் இருபத்தாறு பிரதி. வாசித்து முடிந்ததும் அவை லொறியேறிக் கந்தளாய்க்கும், கைமாறி வெருகலுக்கும் போகும். முதற்பக்கம் முழுக்கத் தலையங்கம். போன மாதம் ஹிட்லருக்குக் கடைசி எச்சரிக்கை விடுத்திருந்தார். அதற்கு முந்திய மாதமும் கடைசி எச்சரிக்கைதான்.

சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டதோடு ஊரில் பாதி கலைந்துபோயிற்று. யார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தேடப்படுபவர்களின் பெயர்களை முதற்பக்கத்தில் போடச் சொல்லி மனைவி குணமணி இரண்டு மாதமாகக் கெஞ்சினாள். மற்றவர்களின் பெயரென்றால் உடனே போட்டிருப்பார். முதற்பெயர் நல்லரெத்தினம் என்றல்லவா இருக்கும்! அவர்களுடைய ஒரே மகன். அன்று காலை துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன். அந்தப் பெயரைத் தன் கையால் எழுதினால் அவன் இல்லையென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவருக்குப் பயம். பெண்சாதியிடம் பயத்தைச் சொல்லவில்லை. இடமில்லை என்றார்.

“தலையங்கத்தை எடுங்கோவன்.”

“தலையங்கத்தையோ? வாசகர் விடுவினமோ?”

“கேட்டுப் பாப்பம்.”

“கேளன்! நல்லாக் கேள்!”

இரண்டு வெறும் பால்பேணித் தகரங்கள் தயாராயின. ஒன்றில் ‘தலையங்கம்’ என்றும் மற்றதில் ‘பெயர்கள்’ என்றும் கடுதாசி ஒட்டினார். வாசகருக்கு ஆளுக்கொரு புளியங்கொட்டை. விரும்பிய பேணியில் போடவேண்டும். குணமணி வீடுவீடாகக் கொண்டு திரிந்து, பின்னேரம் பேணிகளைக் குசினியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

ஆசிரியருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீன்குழம்புக்குக் கரைத்த புளியில் கையை விட்டார். இரண்டு பிடி கொட்டை. எல்லாவற்றையும் ‘தலையங்கம்’ பேணிக்குள் தள்ளிவிட்டு, நல்லபிள்ளைபோல் வந்து கதிரையில் குந்தினார்.

காலையில் தேத்தண்ணிக்கடை ஹிஸ்புல்லா சாட்சியாக வந்து எண்ணினார்.

“தலையங்கம், ஒண்டு.”

“வடிவா எண்ணும் காணும்!”

“ஒண்டை எப்பிடி ஐயா வடிவா எண்ணுறது? பெயர்கள்... அறுபத்து நாலு.” ஹிஸ்புல்லா ஒரு கொட்டையை மூக்கருகே கொண்டுபோனார். “இதில முப்பத்தெட்டு வாக்கு உங்கட குசினிப் புளி மணக்குது ஐயா. கழிச்சாலும் இருபத்தாறு.”

கதிர்காமத்தம்பி மனைவியைப் பார்த்தார்.

“கிணத்தடிக்குப் போக முந்தி கடுதாசியள மாத்தி ஒட்டினனான். விடியத் திருப்பி ஒட்டினனான். இருபத்திரண்டு வருசமா உங்களோட சீவிக்கிறன். உங்கட கை எங்க போகுமெண்டு தெரியாதோ?”

ஹிஸ்புல்லா சிரிக்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

குணமணி தாளையும் கார்பனையும் பென்சிலையும் கொண்டுவந்து வைத்தாள்.

“அழுத்தி எழுதுங்கோ. கடைசித் தாளிலயும் பிள்ளையின்ர பேர் தெரியவேணும்.”

எழுதினார். நல்லரெத்தினம், வயது பத்தொன்பது. ஹிட்லருக்குப் பக்கம் பக்கமாக எழுதியவருக்கு அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

“இடது புருவத்தில தழும்பு,” என்றாள் அவள். “எழுதுங்கோ. நீங்கள் சைக்கிள் பழக்கேக்க விழுந்தது.”

அதை எழுதும்போது அவர் வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள். இரண்டு மாதத்தில் இருவரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

கடைசியில் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சியிருந்த கொஞ்ச மானத்தையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

“எண்டாலும் பார் குணமணி, தலையங்கத்துக்கும் ஒரு வாசகன் இருக்கிறான்.”

“அது நான் போட்டது,” என்றாள். “பேணி வெறுமையாக் கிடந்தால் நீங்கள் தாங்கமாட்டியள்.”