அம்புஜம் பிடித்த கியர்

“அம்புஜம், கெட்டியாப் புடி! உட்டுறாதே!”

“புடிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்! அதுதான் என்னையப் புடிச்சுத் தள்ளுது!”

கிணத்துக்கடவில் கல்யாண வீட்டுக்குப் போகிற மேட்டில் ஜீப்பு முனகிக்கொண்டே ஏறியது. ஓட்டியவர் சிங்காநல்லூரில் கடலை மில் வைத்திருக்கும் கோவிந்தராஜுலு. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கியர்க் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தவள் அவருடைய மனைவி அம்புஜம். அந்த வண்டியின் இரண்டாவது கியருக்கு ஒரு குணம் உண்டு. மேடு ஏறும்போது யாராவது பிடித்துக்கொள்ளாவிட்டால் துள்ளி வெளியே வந்துவிடும். அம்புஜம் அந்த வண்டியில் ஊர்வழி பார்த்ததே கிடையாது. பார்த்ததெல்லாம் கியர்தான்.

உலகச் சண்டை முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டி அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று ஏலக்காரன் சொன்ன ஒரே வார்த்தையில் மயங்கி, ஜோடிக் காளைகளை விற்றுவிட்டு வாங்கினார் கோவிந்தராஜுலு. அந்தக் காளைகளை அவர் ஒரு நாளும் தடவிக் கொடுத்ததில்லை. ஜீப்பைத் தினமும் தடவிக் கொடுத்தார்.

பந்தல் வாசல் வந்துவிட்டது. மேளம் முழங்கியது. வரவேற்க நின்றவர்கள் பன்னீர்ச் செம்பைத் தூக்க, நாலு துளி அம்புஜத்தின் முகத்தில் விழுந்தது. அவள் ஒரு கையால் முகத்தைத் துடைத்தாள்.

டக்கென்று கியர் துள்ளியது. ஜீப்பு வந்த வழியே பின்னால் உருண்டு, பந்தல் காலில் கட்டியிருந்த வாழை மரத்தைக் குலையோடு சாய்த்துவிட்டு நின்றது. மேளம் நின்றது. கூட்டத்துக்கு நடுவில் இருந்து இடுப்பில் கை வைத்தபடி வந்தார் அம்புஜத்தின் அண்ணன், போத்தனூர் அரங்கசாமி. அவரிடமும் ஒரு ஜீப்பு இருந்தது. அதே ஏலம், அதே நாள், அதே பச்சை நிறம்.

“என்ன மாப்பள, கியரு தொந்தரவுங்களா?”

சம்பந்திகளும் பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருக்க, மச்சானிடம் தன் வண்டியைக் குறை சொல்லிக்கொள்ள எந்த மாப்பிள்ளைக்கு மனசு வரும்?

“தொந்தரவுங்களா? என்ற கியரு வெண்ணெயாட்டம் உழுகுமுங்க மச்சான். நெழல்ல நிறுத்தலாம்னு நாந்தானுங்க பின்னால வந்தேன்.”

“வாழை மரத்து மேலயா?”

“அதுதானுங்களே நெழல் குடுக்குது.”

கூட்டம் சிரித்தது. அரங்கசாமி மட்டும் சிரிக்கவில்லை. “ஆவணியில வால்பாறையில என்ற பேத்திக்குப் பேரு வைக்கறோம். எல்லாருமே போறோம். ஆழியாத்துல ரெண்டு வண்டியும் ஒண்ணாக் கெளம்பட்டும். எவரு வண்டி மொதல்ல வால்பாறைக் கடைவீதியில நிக்குதோ, அவரு தோத்தவரு வண்டியையும் எடுத்துக்கலாம். சம்மதமுங்களா?”

“சம்மதமுங்க!” என்றார் கோவிந்தராஜுலு. சொன்ன பிறகுதான் தோற்றால் என்ன ஆகும் என்று யோசித்தார். ஜீப்பு போய்விட்டால் அவருடைய உயிரில் பாதி போய்விடும். மீதிப் பாதியை அம்புஜம் எடுத்துவிடுவாள்.

மறுநாளே உக்கடத்தில் இருந்த யூனுஸ் பாயின் பட்டறைக்கு ஓடினார். யூனுஸ் கெட்டிக்கார மெக்கானிக். அவரிடம் இருந்த ஒரே குறை, யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாது. அவருடைய ஆள் வேலனுக்கோ எதையுமே சொல்லத் தெரியாது. நரைத்த மீசையும் வாயில் பீடியுமாக, எதையாவது சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவான், அல்லது இறக்கிக்கொண்டிருப்பான். அவன் பேசி யாரும் கேட்டதில்லை.

“யூனுஸ் பாய், கியர்ப் பெட்டிய மாத்திப்போடோணும். ஆனா கண்டதும் வேண்டாம். மச்சான் வண்டியில இருக்குதே, அதேமாதிரி ஒண்ணு வேணும்.”

யூனுஸ் தலையைச் சொறிந்தார். “அதேமாதிரிங்களா முதலாளி?”

“அச்சு அசலா அதேமாதிரி.”

“ஆகட்டுங்க. ஒரு பார்ட்டி கிட்ட இருக்குதுங்க.”

“கழட்டுனத என்ன பண்ணுவீங்க?”

“அதையக் கேக்கறதுக்கும் பார்ட்டி இருக்குதுங்க முதலாளி.”

கோவிந்தராஜுலு வயிறு குலுங்கச் சிரித்தார். “என்ற கியர்ப் பெட்டிய ஒருத்தன் ஆசைப்பட்டு வாங்கறானா? எந்த ஊரு ஏமாளி பாய் அவன்?” யூனுஸுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

புதுக் கியர்ப் பெட்டி மாட்டியாயிற்று. கியர் துள்ளவில்லை. அம்புஜம் முதல் முறையாகச் சிங்காநல்லூர் குளத்தை நிமிர்ந்து பார்த்தாள். “இத்தாப்பெரிய கொளமுங்களா!” என்றாள். ஆனால் புதுக் கியரின் வேகத்துக்குப் பழைய ரேடியேட்டர் ஈடு கொடுக்கவில்லை. பெரிய கடைவீதியில் நட்ட நடுவே தண்ணீர் கொதித்துப் புகை கிளம்பியது. சரியாக அந்த நேரம் பார்த்தா அரங்கசாமி எதிரே வர வேண்டும்?

“என்ன மாப்பள, முன்னால பொகையுது?”

“சாம்பிராணிங்க மச்சான். வெள்ளிக்கெழமை பாருங்க, வண்டிக்குப் பூசை போட்டனுங்க. என்ற ரேடியேட்டரு ஐஸ் பொட்டிங்க! கைய வெச்சா வெறைச்சுப் போயிரும்!”

அரங்கசாமியின் முகம் சுருங்கியது. “என்ற இஞ்சினு சத்தத்தை ஒரு நாளு வந்து கேளுங்க, வீணை வாசிச்ச மாதிரி இருக்கும்” என்று பதிலுக்கு ஒரு போடு போட்டுவிட்டுப் போனார்.

கோவிந்தராஜுலு நேராக உக்கடம் போனார். “ரேடியேட்டரை மாத்துங்க பாய். மச்சான் வண்டியில இருக்கற மாதிரி.”

“ஆகட்டுங்க.”

ரேடியேட்டர் மாறியது. இப்போது இஞ்சின் கொதிக்கவில்லை, ஆனால் குளிர்ச்சி தாங்காமல் தும்மத் தொடங்கியது. காலையில் கிளப்பினால் பக்கத்துத் தெருவில் நாய்கள் குரைத்தன. மச்சானின் வீணைச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்க, கோவிந்தராஜுலு இஞ்சினையே இறக்கச் சொன்னார். வேலன் எதையோ பெரிய சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுவந்தான், எதையோ பெரிய சாக்கில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுபோனான். மாடுகளுக்குக்கூட அந்த வழி மனப்பாடமாகிவிட்டது.

புது இஞ்சின் யானை பலம். ஆனால் சக்கரங்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. மில்லுக்குப் பின்னால் சேற்றில் இறக்கி, முன் சக்கரங்களையும் இழுக்கச் செய்யும் சின்னக் கம்பியைத் தள்ளிப் பார்த்தார். முன் சக்கரங்கள் பல்லடம் போகப் பார்த்தன, பின் சக்கரங்கள் பாலக்காடு போகப் பார்த்தன. வண்டி நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டது. கடலை உடைக்க வந்த பழனாத்தாள், “வண்டிக்கு வேப்பலை அடிச்சுப் பாருங்க முதலாளி” என்றாள்.

முன் அச்சும் பின் அச்சும் மாறின. வண்டியைத் தாங்கும் வில் பட்டைகள் மாறின. சக்கரங்கள் மாறின. ஒவ்வொன்றும் மச்சான் வண்டியில் இருக்கிற மாதிரி. ஒவ்வொன்றும் மாட்டியதும் முன்பு நன்றாக இருந்த வேறொன்று கெட்டது. கோவிந்தராஜுலுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு துடிப்பு ஏறிக்கொண்டே போனது. விடிந்ததும் பட்டறை, பட்டறை விட்டால் சாலை என்று இருபது வயசுப் பையன் மாதிரி திரிந்தார்.

ஆவணி நெருங்கியபோது கடைசி இடி விழுந்தது. சினிமாவுக்குப் போய் இறங்கும்போது அம்புஜத்தின் வலது கால், துருப்பிடித்த தரைத் தகட்டைப் பொத்துக்கொண்டு ரோட்டைத் தொட்டது. ஜீப்புக்குள் ஒரு காலும் ஜீப்புக்கு வெளியே ஒரு காலுமாக அவள் நிற்க, கொட்டகை வாசலில் இருந்து அரங்கசாமியும் அவர் மனைவி பங்காரம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இது என்னங்க மாப்பள, ஓட்டை?”

“ஓட்டைங்களா? ஏர்கண்டிசனுங்க!” என்றார் கோவிந்தராஜுலு, கண் இமைக்காமல். “ஓடறப்ப கீழ இருந்து ஜில்லுன்னு காத்து வருமுங்க. வேணும்னுதானுங்க ஓட்டை போட்டு வெச்சேன். இப்பெல்லாம் சீமையில இதுதானுங்க.”

பங்காரம்மா கணவரின் சட்டைக் கையை இழுத்து, “நம்ம வண்டியில அது இல்லீங்களே” என்றாள்.

மறுநாள் வண்டியின் மேல்கூட்டையும் அடிச்சட்டத்தையும் சேர்த்தே, மச்சான் வண்டியில் இருக்கிற மாதிரி மாற்றச் சொல்லிவிட்டார் கோவிந்தராஜுலு. நம்பர் பலகையையும், முன்னால் ஒட்டியிருந்த பெருமாள் படத்தையும் மட்டும் தன் கையாலேயே எடுத்துத் தன் கையாலேயே மாட்டினார். யூனுஸ் வண்டியைச் சுற்றி வந்து கை துடைத்துக்கொண்டார்.

“இனி மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லீங்க முதலாளி. எல்லாம் ஒரே வயித்துல பொறந்த மாதிரி ஒண்ணுக்கொண்ணு சேந்துக்கிச்சு.”

பொய் இல்லை. அன்றைக்கு ஜீப்பு ஓடிய ஓட்டமே தனி. இஞ்சின் சத்தமா அது? வீணைதான். கோவிந்தராஜுலுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பேர் வைக்கிற நாளும் வந்தது. ஆழியாற்றில் இரண்டு பச்சை ஜீப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. யூனுஸை இரண்டு பேருமே தங்கள் வண்டியில் கூப்பிட்டார்கள். இருவருக்கும் ‘ஆகட்டுங்க’ என்று சொல்லிவிட்டு, வேலனையும் கூட்டிக்கொண்டு அவர் விடிகாலை பஸ்ஸிலேயே மலையேறிவிட்டார்.

அரங்கசாமியின் பெரியப்பா மகன் துண்டை ஆட்டினார். இரண்டு வண்டிகளும் சீறிக் கிளம்பின.

முதல் வளைவில் மச்சான் முந்தினார். மூன்றாவது வளைவில் கோவிந்தராஜுலு முந்தினார். “ஏறுடா தங்கம்! ஏறுடா ராசா!” என்று வண்டியைக் கொஞ்சினார். அம்புஜம் பழக்க தோஷத்தில் கியரைப் பிடிக்கப் போய், அது சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு கூவினாள். “போங்க! போங்க! எங்க அண்ணனாச்சேன்னு பாக்காதீங்க!”

மேலே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து, ரோடு முழுக்கச் சேறாகக் கிடந்தது. எஸ்டேட் லாரி ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது. இரண்டு ஜீப்புகளும் ஒன்றாகச் சேற்றில் இறங்கின. கோவிந்தராஜுலு பெருமாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சின்னக் கம்பியைத் தள்ளினார். நாலு சக்கரமும் தரையைப் பிடித்துக்கொண்டன. வண்டி நண்டு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து மேலே ஏறியது.

“ஏனுங்க, ஏனுங்க! அங்க பாருங்க! அண்ணி கையப் பாருங்க!”

கோவிந்தராஜுலு திரும்பிப் பார்த்தார். பக்கத்து ஜீப்பில் பங்காரம்மா, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கியர்க் கம்பியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். முன்னால் சாம்பிராணி மாதிரி புகை. அரங்கசாமி, “கெட்டியாப் புடி! உட்டுறாதே!” என்று கத்துவது மழையிலும் கேட்டது. கம்பி துள்ளியது. வண்டி பின்னால் உருண்டு லாரிச் சக்கரத்தில் முட்டி நின்றது.

“பாவமுங்க அண்ணி” என்றாள் அம்புஜம். அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வந்து வெகு காலமாயிற்று.

வால்பாறைக் கடைவீதியில் கோவிந்தராஜுலு ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே நுழைந்தார். டீக்கடைகள் காலியாகிக் கூட்டம் கூடியது. கொழுந்து பறித்துவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்கி வேடிக்கை பார்த்தார்கள். யூனுஸும் வேலனும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராஜுலு இறங்கி யூனுஸைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் டீ சொன்னார்.

வெகு நேரம் கழித்து, எஸ்டேட் லாரி கயிறு கட்டி இழுக்க, அரங்கசாமியின் ஜீப்பு வந்து சேர்ந்தது. அவர் வாக்குத் தவறாத மனிதர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார்.

“எடுத்துக்குங்க மாப்பள. எத்தனை ஆசையா மாத்தி மாத்தி வெச்சேன். ஏர்கண்டிசன் வரைக்கும் போட்டேன். குடுத்து வெக்கல.”

கோவிந்தராஜுலுவுக்கு மச்சானைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, தலைகால் புரியாத சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு ஜீப்பு! சிங்காநல்லூரில் யாரிடம் இரண்டு ஜீப்பு இருக்கிறது?

“அம்புஜம், ஏறி உக்காந்து பாரு! இனி இதுவும் நம்முளுதுதான்!”

அம்புஜம் பெருமையாக வலது காலை எடுத்து வைத்து ஏறினாள். மறு நிமிஷம் ஜீப்புக்குள் ஒரு காலும் ஜீப்புக்கு வெளியே ஒரு காலுமாக நின்றாள்.

“ஏனுங்க! இங்கயும் காலு உள்ள போகுதுங்க! அதே எடத்துல!”

கோவிந்தராஜுலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அரங்கசாமியைப் பார்த்தார். அரங்கசாமி யூனுஸைப் பார்த்தார். யூனுஸ் மலையைப் பார்த்தார்.

“பாய், மச்சான் வண்டிக்கு எப்பிடி அதே ஓட்டை வந்துது?”

யூனுஸ் வேலனைப் பார்த்தார். வேலன்தான் பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, யாரும் கேட்டிராத தன் குரலில் நிதானமாகச் சொன்னான்:

“மச்சான் வண்டியில இருக்கறது வேணும்னு நீங்களும், மாப்பள வண்டியில இருக்கறது வேணும்னு அவரும் மாறி மாறிக் கேட்டீங்க, நானும் ஒண்ணு உடாமச் சொமந்து மாத்திப்போட்டனுங்க, இப்ப நீங்க ஏறி வந்தது மச்சான் வண்டி, கெலிச்சது உங்க வண்டியத்தானுங்க.”