முதல் சண்டையில் செத்த மாமன்

என் தாய்மாமனை ஒரு சின்னப் பெட்டிக்குள் சாகக் கொடுத்துவிட்டு, அந்தக் குழப்பத்தில் தங்கச்சி கல்யாணத்துக்கு அவரை அழைக்காமல் விட்டவன் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் சொந்தத்தில் இதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் குடித்திருந்தேன் என்றுகூட ஒருத்தன் சொல்கிறான் (பச்சைப் பொய்). அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம். வடகரப்பதியில் கடலைக்காடு பார்த்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்துமூன்று, புத்தி பத்து. வளைகுடாவிலிருந்து கூட்டாளி பழனிச்சாமி லீவில் வந்தான். ஊரே அவனுடைய டேப்ரிக்கார்டரைச் சுற்றி நின்றது. கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு விளையாட்டுப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். அதை ஒருத்தரும் சீண்டவில்லை.

"அங்கயே யாரும் வாங்கறதில்லடா. கடியாரம் வாங்குனப்ப கடைக்காரன் சும்மா குடுத்தான். வேணும்னா எடுத்துக்க" என்றான்.

எடுத்துக்கொண்டேன். சனியன் அப்படித்தான் வீட்டுக்கு வந்தது.

அதில் படம் கிடையாது, சிவப்புப் புள்ளிகள்தான். எட்டுப் புள்ளிகள் நம் படை: கேடயக்காரன், வில்லாளி, குதிரைக்காரன் என்று ஆளுக்கொரு வேலை. மின்னுகிற புள்ளிகள் எதிரி. நாம் ஒருத்தனை நகர்த்தினால் அது ஒருத்தனை நகர்த்தும். ஜெயித்தால் அடுத்த சண்டை, நம் ஆட்களுக்குப் பலமும் கூடும். செத்தவன் செத்தவன்தான், திரும்ப வரமாட்டான். எந்தப் புள்ளி யார், எவன் செத்தான் என்பதையெல்லாம் நாமே காகிதத்தில் குறித்துவைக்க வேண்டும். அந்த வேலையைக்கூடச் செய்யத் துப்பில்லாத பெட்டியைக் கண்டுபிடித்தவனை இன்றைக்கும் என் கையில் கொடுத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

அப்போது என் சட்டைப் பையில் இருந்த ஒரே காகிதம் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதிய கல்யாண அழைப்புப் பட்டியல். பேர்கள் ஏற்கெனவே வரிசையாக இருந்தன. முதல் எட்டுப் பேரைப் படையில் சேர்த்துவிட்டேன். முதல் பேர் மீனாட்சிபுரத்து மாமா. ஆள் வாட்டசாட்டமானவர், அதனால் கேடயக்காரன். பெரியப்பா எட்ட நின்றே எல்லோரையும் ஏசுகிறவர், அதனால் வில்லாளி.

எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் அது வெறும் காகிதம். நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, "வந்துருங்க" என்று சொன்னால்தான் அழைப்பு. அதிலும் தாய்மாமன் வந்து சீர் செய்யாமல் பெண்ணை மணவறையில் உட்காரவைக்க மாட்டார்கள். எங்கள் மாமாவோ, அப்பாவுக்கு ஒரு கறவை மாட்டை விற்று, அது பால் கறக்காமல் போய், இரண்டு வருஷமாக எங்கள் வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்.

"நாங்க போனா மறுக்காவும் மாட்டுப் பேச்சு வந்துரும். நீயே போயி வெத்தல வெச்சுப்போடு" என்று அப்பா என்னை அனுப்பினார்.

நாலு நாள் சைக்கிள். முப்பது வீடு. எல்லா வீட்டிலும் ஒரே காப்பி, ஒரே கேள்வி. வழியில் புளியமரம் கண்ட இடமெல்லாம் இறங்கிப் பெட்டியைத் தட்டினேன். அழைத்த வீட்டுக்கு ஒரு பெருக்கல் குறி. செத்த வீரனுக்கும் அதே பெருக்கல் குறி. (வேறு குறி போட்டால் கையா தேய்ந்துவிடும்? இதை என்னிடம் கேட்காத ஆள் கிடையாது.) மாமா முதல் சண்டையிலேயே எதிரியின் குதிரைக்காரனிடம் மாட்டிச் செத்தார்; அவர் ஊருக்குப் போகும் முன்பே பேருக்கு நேராகக் குறி விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "என்ற தம்பிக்கு வெத்தல வெச்சயா?"

காகிதத்தைப் பார்த்தேன். குறி இருந்தது. "ஆச்சும்மா."

"என்ன சொன்னான்?"

யோசித்தேன். "ஒண்ணுஞ் சொல்லல."

அது உண்மைதான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தன கோவம் பாரு அவனுக்கு" என்றாள்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணி. பந்தலில் எல்லோரும் இருக்கிறார்கள், மாமா இல்லை. மணவறைக்கு வர வேண்டிய தங்கச்சி உள்ளறையில் அழுகிறாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர், "ஏனுங்க, பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்கறாருங்களா, இல்லீங்களா?" என்று கேட்டார். அப்போதுதான் அது எந்தக் குறி என்று எனக்கு உறைத்தது. மாப்பிள்ளை வந்த வாடகைக் காரிலேயே பறந்தேன்.

மீனாட்சிபுரத்தில் மாமா மாட்டுக்கொட்டகை வாசலில் புது வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீர்த்தட்டு தயாராக இருந்தது. முந்தின நாளிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாராம்.

"வாங்க மாமா, நேரமாச்சு."

"வெத்தல வெக்காத ஊட்டுக்கு நான் எதுக்கு மாப்ள வாறேன்?"

நான் மடையன். சாட்சிக்குக் காகிதத்தை எடுத்து நீட்டினேன். "இங்க பாருங்க, உங்க பேருக்கு நேரா குறி இருக்குது."

"அது நீ வந்து போன குறியா?"

"இல்லீங். நீங்க செத்துப்போன குறி."

மாமி கையிலிருந்த சொம்பு விழுந்தது. பையிலிருந்த பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மாமா முகம் சிவந்துபோனது.

"என்னைய எங்க நிக்க வெச்ச?"

"முன்னாலங்க."

"எனக்குப் பின்னால யாரு?"

"பெரியப்பாங்க."

"அவஞ் செத்தானா?"

"இல்லீங். அவரு கடசி வரைக்கும் இருந்தாருங்க."

"அந்தக் கெழவன் இருக்கறான், நாஞ் செத்துப்போனனா?" அவருக்கு அழைக்காமல் விட்டதைவிட அதுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் அவர் வீட்டு வெற்றிலையை, அவர் வீட்டுத் தட்டில் வைத்து, அவருக்கே கொடுத்து அழைத்தேன். இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன கேவலம் வேண்டும்? கார் வேலந்தாவளம் நெருங்கும்போது மாமா, "குதிரக்காரன் வாறான்னா என்னைய ஓரமா ஒதுக்கியிருக்கோணுமல்லொ" என்றார். நான் ஆட்டத்தை விளக்கினேன். அவர் சொன்னதுதான் சரி.

பந்தல் வாசலில் அப்பா நின்றார். "வாங்க மச்சான்" என்றார். இரண்டு வருஷத்தில் முதல் பேச்சு.

"செத்தவன் வந்திருக்கறேன்" என்று சொல்லிவிட்டு மாமா சீர்த்தட்டோடு உள்ளே போனார். முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறியது.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாமா நிஜமாகவே போய்விட்டார். துக்கம் சொல்ல நான்தான் எல்லோருக்கும் போன் போட்டேன். பெரியப்பா மகன் கொஞ்சம்கூட யோசிக்காமல், "எத்தனாவது சண்டையிலடா?" என்று கேட்டான். கண்டபடி திட்டிவிட்டு வைத்தேன். அடுத்த வீட்டிலும் அதே சிரிப்பு. ஒருத்தரும் நம்பவில்லை. மாமி போனை வாங்கி அழுத பிறகுதான் சனம் கிளம்பியது.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. இப்படியும் மனுஷர்களா என்று யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பெட்டிச் சண்டையை ஒழுங்காகக் காதுகொடுத்துக் கேட்ட ஒரே ஆள், நடுவீட்டில் மாலையோடு படுத்திருந்தார்.