தையல் விட்ட நாடி

“கையை நீட்டுங்க.”

“இப்பத்தானே நீட்டினேன்?”

“அது பல் விளக்குறதுக்கு முன்னால. இது விளக்கினதுக்கு அப்புறம்.”

மைக்குக்காரர் கையை நீட்டினார். டெய்லரக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உதட்டுக்குள்ளேயே எண்ணினாள். எண்ண எண்ண முகம் சுருங்கியது. வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நீள நோட்டை எடுத்து, பென்சிலால் புள்ளிபுள்ளியாக ஒரு வரிசை போட்டாள். இரண்டு புள்ளி ஒட்டிக்கொண்டு, பிறகு இடைவெளி. மூன்று நெருக்கமாக, மறுபடி பெரிய இடைவெளி.

“தையல் விட்டுவிட்டு வருது,” என்றாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே. நல்லாத்தான் இருக்கேன்.”

“உங்களுக்குத் தெரியாது. இந்த வியாதியோட கெட்ட குணமே அதுதான். டாக்டர் சொல்லலை?”

சொன்னார்தான். மைக்குக்காரர் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவர். எந்தப் பேருந்து எந்த மேடைக்கு வரும், எது தாமதம், குடையை விட்டுப்போனது யார் என்பதெல்லாம் அவர் வாயால் வந்தால்தான் பயணிகள் நம்புவார்கள். ஒரு மாதத்துக்கு முன் நிலையத்து ஊழியர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி ஈசிஜி எடுத்தபோது, இவருடைய காகிதத்தில் மட்டும் கோடு குடித்தவன் நடைபோல இருந்தது.

“இதயத்தோட மேல் அறை ஒழுங்காச் சுருங்காம நடுங்குது,” என்றார் டாக்டர். “அதனால ரத்தம் அங்க தேங்குது. தேங்கின ரத்தம் உறையும். அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். கை கால் விழலாம், பேச்சு போகலாம். அது வராம இருக்கத்தான் ரத்தம் உறையாத மாத்திரை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாடி சரியாயிட்டாலும் நீங்களா நிறுத்தக் கூடாது.”

மற்றதெல்லாம் டெய்லரக்கா காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. ‘பேச்சு போகலாம்’ என்பது மட்டும் தைத்துவிட்டது.

இருபத்தாறு வருஷமாக “கொஞ்ச நேரம் வாயை மூடுங்களேன்” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கெஞ்சியவள் அவள். மனுஷன் வீட்டிலும் மைக்கை விடுவதில்லை. “பயணிகளின் கவனத்திற்கு, குளியலறை இப்போது காலியாக உள்ளது” என்று துண்டோடு வந்து நிற்பார். அந்த வாய் அடங்கிப்போன வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

நாடியைத் தினமும் பார்த்து எழுதி வரச் சொல்லியிருந்தார் டாக்டர். எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தவள் ஈசிஜி அறை நர்ஸ். யார் வந்தாலும் “செருப்பைக் கழட்டிட்டு கட்டில்ல ஏறுங்க” என்பதைத் தவிர வேறு வரவேற்பு தெரியாதவள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்து டெய்லரக்கா அப்படியே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷம் ஊசி குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. அதற்கென்ன, அசந்துபோகிற ஆளா அவள்? கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். டக் டக்கென்று ஜோராகத் தெரிந்தது. நோட்டு ஆரம்பமானது.

முதல் வாரம் புள்ளிகள் நூல் பிடித்ததுபோல வந்தன. மாத்திரை வேலை செய்கிறது என்று அவளுக்கு ஏகக் குஷி. இரண்டாவது வாரம்தான் தையல் விட ஆரம்பித்தது.

ஏன்?

ஏன் என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. புதுச் சட்டை வாங்கினால் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிற ஜாதி. துப்பறியத் தொடங்கினாள்.

முதல் சந்தேகம் காப்பி மேல். நிறுத்தினாள். அவர் முன்னால் தான் மட்டும் குடிப்பது பாவம் என்று தானும் நிறுத்தினாள். தலைவலி வந்ததுதான் மிச்சம். புள்ளிகள் இன்னும் மோசம்.

அடுத்து, உடம்பு அசையாததுதான் காரணமோ என்று காலையில் நடக்கக் கூட்டிப்போனாள். மைக்குக்காரர் வழி நெடுகப் பேசிக்கொண்டே நடந்தார். அவளுக்குத்தான் இரண்டாவது தெருவிலேயே மூச்சு வாங்கியது. “எனக்கே இப்படி இரைக்குதுன்னா, பாவம், இந்த மனுஷனுக்கு எப்படி இருக்கும்!” என்று பதறிப்போய் நடுத்தெருவிலேயே நாடி பிடித்தாள். படுமோசம். நடையும் நின்றது.

விஷயம் கேள்விப்பட்டு அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். கூரியர் வேலை. ஊரில் இருக்கிற எல்லா ஆஸ்பத்திரிக்கும் பார்சல் கொண்டுபோனதில் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

“அக்கா, மாமா மாத்திரையை முழுங்குறாரான்னு பாத்தியா? கன்னத்துல ஒதுக்கி வச்சுக்கிட்டு அப்புறமாத் துப்பிடுவாங்க. நிறைய கேஸ் பாத்திருக்கேன்.”

“மச்சான், நீ பார்சலைத்தான் பாத்திருக்கே,” என்றார் மைக்குக்காரர்.

ஆனால் விதை விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மாத்திரை போட்டதும் டார்ச் வெளிச்சத்தில் வாய்ச் சோதனை. நாக்கைத் தூக்கச் சொல்லுவாள், இடது கன்னம், வலது கன்னம் பார்ப்பாள். பிறகு அட்டையில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணுவாள். கணக்குச் சரியாக இருந்தது. புள்ளிகள்தான் சரியில்லை.

“அப்போ பவர் பத்தலை,” என்றான் தம்பி. “ஒண்ணுக்கு ரெண்டாக் குடுத்துப் பாரேன்.”

நல்லவேளை, அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். எடுத்தது அதே நர்ஸ். கத்திய கத்தலில் டெய்லரக்கா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள்.

“அம்மா! கூட்டினா நிக்காம ரத்தம் வரும். குறைச்சா கட்டி வரும். துணின்னா வெட்டி ஒட்டுப் போடலாம், இதுல உங்க கைவேலையைக் காட்டாதீங்க! சொன்னது சொன்னபடி!”

தம்பி அதற்குள் அவசரமாக ஒரு பார்சல் இருப்பதாகச் சொல்லி நழுவிவிட்டான்.

நோட்டைப் பார்த்த டாக்டருக்கும் குழப்பம். அன்று எடுத்த ஈசிஜியில் கோடு ஒழுங்காக இருந்தது. “சில பேருக்கு விட்டுவிட்டு வரும். எதுக்கும் ஒரு நாள் முழுக்கப் பாத்துடலாம்,” என்று மைக்குக்காரர் மார்பில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டி அனுப்பினார். இருபத்து நான்கு மணி நேரமும் இதயம் துடிப்பதை அது பதிந்துகொண்டே இருக்கும்.

பெட்டி ஒரு பக்கம் பதியட்டும், நம் நோட்டும் பதியட்டும் என்று டெய்லரக்கா அன்று கடையைச் சாத்திவிட்டாள். காலையிலிருந்து எட்டுத் தடவை நாடி பார்த்தாயிற்று. அடிக்கடி செய்வதுபோலச் சாயங்கால மாத்திரை நேரத்துக்கு நிலையத்துக்கே போனாள். மைக் அறை மேலே இருந்தது. முப்பத்திரண்டு படி. ஏறி முடித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. எல்லாம் இவரைப் பற்றிய கவலைதான் என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு மாதத்தில் அப்படி எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். கவலைப்பட வேண்டியவர் கவலைப்படாவிட்டால் கட்டினவள்தானே பட வேண்டும்?

உள்ளே போனதும் டார்ச்சை எடுத்தாள். மைக்குக்காரர் பதறி ஏதோ சைகை காட்டினார். அவள் கவனிக்கவில்லை.

“கதையெல்லாம் வேணாம். மாத்திரையைப் போட்டீங்களா? வாயைத் திறங்க. இன்னும் நல்லா. நாக்கைத் தூக்குங்க!”

மைக் அணைக்கப்படவில்லை.

ஒலிபெருக்கியில் இருபது வருஷமாக வந்த எந்த அறிவிப்பையும் மீறி அறியாத பயணிகள். மூன்றாம் மேடையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அவர் பக்கத்திலிருந்த அம்மாள் எதற்கும் இருக்கட்டும் என்று தானும் தூக்கினாள். “முழுங்கிட்டீங்களா? என்கிட்ட மறைக்க முடியாது!” என்ற அடுத்த அறிவிப்பில், ஒரு கண்டக்டர் வாயிலிருந்த மிட்டாயை முழுசாக விழுங்கிவிட்டு இருமினார். இந்தக் கூத்தில் ஏழரை மணிப் பேருந்தில் ஏற வேண்டியவர்கள் ஏழே கால் பேருந்தில் ஏறிவிட்டார்கள்.

மேனேஜர் மூச்சிரைக்க மேலே வந்தார். “ஏம்மா, இது பஸ் ஸ்டாண்டா, பல் ஆஸ்பத்திரியா?”

டெய்லரக்கா மைக்கை அணைத்துவிட்டு, முதலில் நாடியைப் பார்த்து முடித்தாள். பிறகு நோட்டை அவரிடம் நீட்டினாள். “நீங்களே பாருங்க சார். வீட்டுல பாத்தா ஒரு மாதிரி. இந்த ரூமுக்கு வந்து பாக்குறப்பல்லாம் தையல் கிழிஞ்சே போகுது. எனக்கு இப்பத்தான் புரியுது. இந்த மைக்குதான் இவர் நெஞ்சைக் கெடுக்குது.”

மேனேஜர் புள்ளிகளைப் பார்த்தார். நல்ல மனுஷர், பயந்தும் போனார். “இவ்வளவு மோசமா? அப்போ மைக் வேணாம் சார். லெட்டர் இப்பவே அடிச்சுத் தர்றேன், கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. தொலைஞ்ச சாமான் ரூம்ல உக்காருங்க. அங்க பேசவே தேவையில்ல.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மைக்குக்காரர் வாய் திறக்கவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. மறுநாள் காலை குளித்துவிட்டு வந்தவர், குளியலறை காலி என்றுகூட அறிவிக்கவில்லை. துண்டைக் காயப்போட்டுவிட்டுச் சும்மா போய் உட்கார்ந்தார். டெய்லரக்கா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு போய்விடக் கூடாது என்றுதானே இத்தனை பாடு? வியாதி செய்யாததை நானே செய்துவிட்டேனா? ஏதாவது பேசுங்களேன் என்று கேட்க வாய் வரை வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெட்டியின் பதிவைத் திரையில் ஓடவிட்டார். “இருபத்து நாலு மணி நேரமும் சீரா இருக்கு. ஒரு இடத்துலகூடத் தப்பலை.”

“அதே நாள்ல என் நோட்டுல ஒன்பது தடவை தப்பியிருக்கு டாக்டர். ஒன்பதுக்கும் மணி போட்டு எழுதியிருக்கேன்.”

“பெட்டி பொய் சொல்லாதும்மா.”

“நானும் சொல்ல மாட்டேன். நான் எடுத்த அளவுல தைச்ச சட்டை இன்னிக்கு வரைக்கும் ஒண்ணுகூட ‘பிடிக்குது’ன்னு திரும்பி வந்ததில்ல.”

டாக்டர் நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். அவருக்கும் இப்போது ஆவல் பிடித்துக்கொண்டது. “பெட்டியும் சரி, நோட்டும் சரின்னா, இவருக்கு ரெண்டு இதயம் இருக்கணும்.”

மைக்குக்காரர் சட்டைப் பையிலிருந்து மேனேஜர் கொடுத்த கடிதத்தை எடுத்தார். “ரெண்டு இதயமோ மூணோ, நான் கையெழுத்துப் போட்டுடறேன் டாக்டர். மைக் போனாப் போகட்டும். இவ ஒரு மாசமாச் சரியாச் சாப்பிடலை, தூங்கலை. மாடிப்படி ஏறினா நின்னுநின்னு ஏறுறா. என்னால பாக்க முடியலை.”

டெய்லரக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் டாக்டர். “எழுதறதுல தப்பில்லை, பாக்குறதுல ஏதாவது இருக்கலாம். ஈசிஜி மிஷின் ஓடட்டும், கூடவே அம்மாவும் நாடி பாக்கட்டும். ரெண்டும் எங்க பிரியுதுன்னு தெரிஞ்சுடும்.”

ஈசிஜி அறையில் நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “செருப்பைக் கழட்டிட்டு கட்டில்ல ஏறுங்க.”

மைக்குக்காரர் ஏறிப் படுத்தார். வயர்கள் மாட்டியாயிற்று. டெய்லரக்கா பக்கத்தில் நின்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காகிதம் ஓட ஆரம்பித்தது.

“இப்பத் தப்புது,” என்றாள்.

காகிதத்தில் கோடு பிசகாமல் வந்தது.

“ரெண்டு சேந்து வருது. இப்போ ஒண்ணு விட்டுப்போச்சு. ஐயோ, மறுபடியும்.”

கோடு கொஞ்சமும் மாறவில்லை, அச்சடித்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. நர்ஸ் காகிதத்தைப் பார்த்தாள். டெய்லரக்காவின் கையைப் பார்த்தாள். மெதுவாகக் குனிந்து, மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்த அந்த விரலை இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு தன் மூன்று விரலை எடுத்து டெய்லரக்காவின் மணிக்கட்டில் வைத்தாள்.

ஒரு நிமிஷம் முழுதாகப் போயிற்று. நர்ஸின் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. டெய்லரக்கா கண்ணைத் திறந்து, “என் கையை ஏம்மா பிடிக்கிறே?” என்றாள்.

நர்ஸ் மைக்குக்காரர் மார்பிலிருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். “சார், நீங்க இறங்குங்க.”

அப்புறம், எந்த நோயாளியிடமும் பேசியிராத மெதுவான குரலில் சொன்னாள்: “அம்மா, செருப்பைக் கழட்டிட்டு கட்டில்ல நீங்க ஏறுங்க. கட்டைவிரலுக்குன்னு சொந்தமா ஒரு நாடி உண்டு, இந்த நோட்டு பூரா நீங்க எழுதியிருக்கிறது உங்க நாடியைத்தான்.”