சம்பந்தி தோற்க ஒரு பிரார்த்தனை

கால்பந்து ரசிகர்களில் கோப்பைக்காக ஆட்டம் பார்க்கிறவர்கள் ஓர் இனம். அவர்கள் பாட்டுக்குக் கொடியைச் சுற்றிக்கொண்டு ஆடிவிட்டுப் போகட்டும், நமக்கு அவர்களிடம் ஒரு வேலையும் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறோர் இனத்தை. லீக் பட்டியலைக் கீழிருந்து மேலே படிக்கிறவர்கள். அதிலும் கடைசி நாலைந்து வரிதான் படிப்பார்கள். அதற்கு மேலே யார் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வருஷக் கடைசியில் அடியில் கிடக்கிற அணிகளைப் பிடித்துக் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் அல்லவா, அந்தக் கோட்டின் மேல் ஒரு காலும் கீழே ஒரு காலுமாக நிற்கிற அணிக்கு வாழ்க்கைப்பட்ட பாவப்பட்ட ஜென்மங்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால், "நாம முதல் பாதியில நல்லாத்தான் ஓடினோம்" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, "எல்லாம் முடிஞ்சு போச்சு, இனிமே நான் பார்க்கவே மாட்டேன்." புதன்கிழமை, "கணக்குப் போட்டுப் பார்த்தா இன்னும் வழி இருக்கு." சனிக்கிழமை காலையில் கேளுங்கள், உலகத்திலேயே நல்ல அணி அவர்களுடையதுதான். சாயங்காலம் கேட்காதீர்கள்.

இந்த இனத்துக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால் நம் பல் டாக்டரைப் பாருங்கள். தங்கமான மனிதர். ஊசி போடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்பார், போட்ட பிறகும் ஒருதரம் கேட்பார். இல்லாதவர்களிடம் காசு வாங்கமாட்டார். ஆனால் நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, உங்கள் வாய்க்குள் இரண்டு கையையும் விட்ட பிறகுதான் ஆரம்பிப்பார்.

"நீங்களே சொல்லுங்க, கோல்கீப்பர் அப்படி வெளியே ஓடி வரலாமா?"

"ஆ..."

"அதானே! பல்வலியில இருக்கிற உங்களுக்குத் தெரியுது, சம்பளம் வாங்குற கோச்சுக்குத் தெரியலையே!"

தன் பேச்சுக்கு இத்தனை பேர் ஒத்துக்கொள்வதைப் பார்த்து அவருக்கே சில சமயம் ஆச்சரியமாக இருக்கும்.

டாக்டருக்குக் கடவுள் பக்தியும் உண்டு. வருஷ ஆரம்பத்தில் கோப்பை கேட்டார். கொஞ்ச நாள் போனதும், கோப்பை வேண்டாம், கௌரவமான இடம் போதும் என்றார். அதற்கும் கொஞ்ச நாள் கழித்து, தோற்காமல் இருந்தால் போதும் என்று இறங்கினார். கடைசியில் அவருக்கே மனசு கேட்கவில்லை. இந்தப் பையன்களை வைத்துக்கொண்டு ஜெயிக்க வை என்றால் ஆண்டவன்தான் என்ன செய்வான்? அவனுக்கும் ஓர் அளவு இருக்காதா? அதனால் ஆண்டவனுக்குச் சிரமம் இல்லாத ஒன்றைக் கேட்கத் தொடங்கினார். மற்ற அணிகள் தோற்க வேண்டும்.

அதையும் அவர் சுபாவப்படி பதமாகத்தான் கேட்பார். "யாருக்கும் அடிபட வேண்டாம். யார் வீட்டிலும் ஒரு குறையும் வேண்டாம். எல்லாரும் நல்லா இருக்கட்டும். ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல தோத்தாப் போதும்." போயே இராத ஊர்களின் வானிலைச் செய்தியையெல்லாம் உட்கார்ந்து கேட்பார். அங்கே மழை என்றால் முகம் மலரும். ஏதோ பயிர் வைத்திருக்கிறாரோ என்று நினைப்பீர்கள். அப்படியெல்லாம் இல்லை. அந்த ஊர் அணிக்கு ஈரத் தரையில் ஆட வராது.

இதுவரை ஒரு வம்பும் இல்லை. முன்பின் தெரியாத ஊர் தோற்றால் யார் சண்டைக்கு வரப்போகிறார்கள்? வம்பு கல்யாணத்தில் வந்தது. போன வருஷம் டாக்டர் தன் ஒரே பெண்ணைப் பக்கத்து ஊர் பெயின்ட் கடைக்காரர் மகனுக்குக் கொடுத்தார். குடும்பம் எப்படி, குணம் எப்படி, பையன் புகை பிடிப்பானா என்று துருவித் துருவி விசாரித்தார்கள். எந்த அணி என்று கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பந்தி அந்த ஊர் அணிக்கு உயிரையே கொடுப்பவர். இந்த வருஷம் பார்த்து இரண்டு அணியும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஒன்று தப்பிக்க வேண்டுமானால் ஒன்று விழுந்தாக வேண்டும்.

சம்பந்திகள் போனில் பேசுவதைக் கேட்க வேண்டுமே.

"நீங்கதான் தப்பிக்கணும் சம்பந்தி. நாங்க எப்படியோ போய்க்கிறோம்."

"அதெப்படி? பொண்ணைக் கொடுத்தவங்க கீழே போனா எங்களுக்கு என்ன மரியாதை? நீங்கதான் இருக்கணும்."

"இல்லை இல்லை, நீங்க."

"அட, நீங்க சம்பந்தி."

போனை வைத்ததும், அவர் அணிக்கு எத்தனை கோல் வித்தியாசம் என்று இவரும், இவர் அணிக்கு எத்தனை என்று அவரும் பார்க்க ஓடுவார்கள்.

கடைசி ஆட்டத்தன்று பெண் அப்பா அம்மாவைத் தன் புகுந்த வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டாக்டரின் மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னங்க, கோல் விழுந்தா குதிக்காதீங்க. பொண்ணு வாழ வந்த வீடு."

"நான் எதுக்குக் குதிக்கப் போறேன்? எனக்கு என்ன வயசு?"

"வயசுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

ஒரே சோபாவில் சம்பந்திகள் இருவரும், நடுவில் ஒரு தலையணை. பெருந்தன்மையாக டாக்டர், "உங்க மேட்ச்சே டிவியில ஓடட்டும் சம்பந்தி" என்றார். தன் அணியைப் போனில் பார்த்துக்கொண்டார். பார்க்க அதிகம் இல்லை. வழக்கம்போல் தோற்று, சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இனி எல்லாம் டிவியில்தான். அங்கே சம்பந்தியின் அணி சமமாக நின்றது. அப்படியே முடிந்தால் டாக்டரின் அணி தப்பித்தது. இன்னும் ஒரு கோல் அடித்தால் சம்பந்தியின் அணி தப்பித்தது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் ரெஃப்ரி விசிலை ஊதி, விரலை நீட்டினார். சம்பந்தியின் அணிக்குப் பெனால்டி.

டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி கண்ணை மூடியிருந்தார், உதடு அசைந்தது. அவரும் வேண்டுகிறார்! ஒரே சோபாவிலிருந்து, ஒரே நிமிஷத்தில், ஒரே ஆண்டவனிடம் இரண்டு மனு. இவருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனிதர் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, "உன் சித்தம்போல நடக்கட்டும்" என்று மனதாரச் சொன்னார். சொன்ன மூச்சு அடங்குவதற்குள், "கோல் கம்பத்துல பட்டாக்கூடப் போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பந்து கம்பத்தில் பட்டது.

டாக்டர் எழுந்துவிட்டார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கையும் கூரையைப் பார்த்து நிற்கின்றன. சமையலறை வாசலில் மகள் நிற்கிறாள். தூக்கிய கைகளை இனி என்ன செய்வது? அப்படியே இறக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ! அநியாயம் சம்பந்தி!"

கையைச் சமாளித்தவர் முகத்தை மறந்துவிட்டார். அது பாட்டுக்கு ஜொலித்துக்கொண்டிருந்தது.

டிவியில் கடைசி விசில் ஒலித்தது. மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார். டாக்டரின் மனைவி காலி டீக் கோப்பைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். மகள் கண்ணில் தண்ணீர் வரப் பார்த்தது. அப்பா இப்படியா மானத்தை வாங்குவார்? அவர் போய்விடுவார், நாளைக்கு இந்த வீட்டில் நிற்க வேண்டியவள் அவளல்லவா? சம்பந்தி டாக்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உட்காருங்க சம்பந்தி. உங்க முகத்தைப் பார்த்தா இன்னொரு பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி இருக்கு."

"மன்னிச்சுக்கணும்... நான் வேணும்னு..."

"அட விடுங்க. போன வாரம் நீங்க தோத்தப்ப நான் கடையில இருந்தவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அன்னைக்குப் போன் பண்ணித் துக்கம் விசாரிச்சீங்களே!"

"டீயைக் குடிச்சுக்கிட்டேதான் விசாரிச்சேன்."

முதலில் சிரித்தவள் மகள். பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிரிப்பு அடங்கியதும் சம்பந்தி காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். பல நாள் கழித்து அவர் முதுகு சோபாவைத் தொட்டது அப்போதுதான்.

"எனக்கு இனிமே நிம்மதி. கீழ்ப்பிரிவுல சின்னச் சின்ன அணிங்க. வாராவாரம் ஜெயிப்போம், நல்லாத் தூங்குவேன். நீங்க அப்படியே இருங்க. அடுத்த வருஷமும் முழுக்க இதே அனுபவிக்கணுமே, பாவம்."

டாக்டரின் முகத்தில் விளக்கு அணைந்தது. தப்பித்துவிட்டோம் என்று குதித்தாரே தவிர, எதற்குள் தப்பித்தோம் என்று அவர் யோசிக்கவே இல்லை. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அந்தக் கோல்கீப்பர்.

பாவம்தான், சிரியுங்கள். ஆனால் ஒன்று. அந்தப் பந்து கம்பத்தில் பட்டபோது உங்களுக்கும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்ததே, அது ஏன்? பெயின்ட் கடைக்காரரை நீங்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த மனிதர் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தார்?