பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டப்பா

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டேன். பிறகுதான் பல் தேய்த்தேன். மற்றபடி நலம். நீ நலமா என்று கேட்கிறேன். திருப்பிக் கேட்டுவிடாதே, அழுதுவிடுவேன்.

அடுத்த வாரம் கருமுட்டை எடுக்கிறார்கள். மூன்றாவது தடவை. என் வயதுக்கு நாலாவது கிடையாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதற்குள் இவருடைய விந்தணுவை எந்த முறையில் பொறுக்குவது என்று நாங்கள் சொல்லியாக வேண்டும். முதல் தடவை நீந்தவிட்டு, மேலே வந்ததை எடுத்தார்கள், கரு தங்கவில்லை. "நீச்சல் தெரிஞ்சா போதுமா, புத்தி வேண்டாமா?" என்றார் இவர். அடுத்த தடவை நூல் போன்ற வாய்க்கால்கள் உள்ள பிளாஸ்டிக் சில்லு ஒன்றில் ஓடவிட்டுக் கடந்து வந்ததை எடுத்தார்கள், அதுவும் தங்கவில்லை. இரண்டுமே இவர் சொன்ன முறைகள். உனக்குத்தான் தெரியுமே, இவர் பேரிங் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், நாள் முழுக்க எஃகுக் குண்டுகளை லென்ஸில் பார்த்துக் கழித்துப் போடுகிறவர். நேற்று பரிசோதனைக்கு விந்து டப்பாவைச் சட்டைக்குள் அணைத்துச் சூடு ஆறாமல் கொண்டுபோனவர், பழக்கதோஷத்தில் பாக்கெட்டில் இருந்த பச்சை ஸ்டிக்கரை மூடியில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். 'சோதித்தது, சரி' என்று அச்சடித்தது. ஆய்வகப் பெண் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "சார், அதை நாங்கல்ல சொல்லணும்?" என்றாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இவர் விடுவாரா?

"உங்க இடத்துல கழிவு எவ்வளவும்மா?"

"கிட்டத்தட்ட எல்லாமே கழிவுதான் சார். ஒண்ணு போதும்ல."

டாக்டரம்மாவோ, "எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு. கழுவி, முட்டையோட ஒரே தட்டுல விட்டாலே போதும், அதுங்களே பாத்துக்கும்" என்கிறார். "யாரு முதல்ல வர்றானோ அவனா? எங்க ஃபேக்டரில அப்படி விட்டா சக்கரம் கழண்டு ஓடிடும்" என்று இவர் காந்தத்துக்குத் தாவிவிட்டார். பழுதானதைக் காந்தத்தால் பிடித்து நிறுத்திவிடுவார்களாம். என் முட்டைகளை யாரும் இப்படிப் பொறுக்குவதில்லை, அக்கா. நாலோ அஞ்சோ, கிடைத்ததெல்லாம் மாணிக்கம்.

ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இருபது வருஷமா பொறுக்குறேன். இந்த ஒண்ணுல ரெண்டு தடவையும் கோட்டை விட்டுட்டேன்."

நீ அறிவியல் டீச்சர், நீ சொன்னால் கேட்பார். நீச்சலா, சில்லா, காந்தமா? நீ சொல்வதுதான் முடிவு. உடனே பதில் எழுது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டோம் என்று நெளிந்தாலும் ஆளுக்கொரு முத்தம்.

உன் தங்கை

பி.கு.: பதில் வேண்டாம். உறை எடுக்கப் போனபோது மருந்துப் பெட்டியைப் பார்த்தேன். நாளைக்கு நான் போட்டுக்கொள்ள வேண்டிய ஊசியின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார். ஒரே தட்டில் விடச் சொல்லப்போகிறேன். தங்காமல் போனாலும், தப்பாகப் பொறுக்கிவிட்டேன் என்று தட்டைப் பார்த்துப் பேச இவருக்கு வழியிருக்காது. இவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடமும்தான், இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை.